கழுத்திலிருந்து கட்டிலுக்கு

மலேசியாவின் கிழக்குக் கரையிலுள்ள மெர்சிங் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது படகுத்துறைதான். தியோமான் தீவுக்குப் போகிற கூட்டம் அங்கே இறங்கி, அங்கேயே ஏறிப் போய்விடும். ஆனால் நவம்பர் பிறந்து வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கலக்கத் தொடங்கியதும் படகுகள் அடங்கிவிடும். ஊர் ஊர்க்காரர்களுக்கு மட்டும் என்றாகிவிடும். அந்த மாதங்களில் துவைத்த துணி காய்வதில்லை. அலமாரியைத் திறந்தால் பூஞ்சண வாடை அடிக்கும். படுக்கையில் தொட்ட துணியெல்லாம் லேசாக ஈரம் கோத்திருக்கும். இப்படிப்பட்ட ஊரில், பழைய டைகளைப் பிரித்து ஒட்டுப்போட்டுப் பட்டுப் போர்வை தைக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். வெயில் ஊரில் போர்வை எதற்கு? அதுவும் எதற்குப் பட்டு? அதுவும் யாரோ கட்டிக் கழித்த டையிலா? மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் இழையின் வேதியியலிலும் நெசவின் வடிவியலிலும் விடை இருக்கிறது. அந்த விடைகளைச் சேர்த்துப் பார்த்தால், கடைகளில் அடுக்கி வைத்து விற்கும் செயற்கைப் பஞ்சடைத்த போர்வையைவிடக் கிழக்குக் கரை ஊர்களுக்கு இந்த மெல்லிய பட்டுப் போர்வையே பொருந்தும் என்பது என் வாதம்.

முதலில், இத்தனை டைகள் எங்கிருந்து வரும் என்பதைப் பார்க்கலாம். மலேசியாவில் ‘பண்டல்’ என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஜப்பான் முதலிய நாடுகளில் கழித்துக் கட்டிய உடுப்புகள் பெரும் பொதிகளாகக் கப்பலில் வந்திறங்கித் தரம் பிரிக்கப்பட்டுச் சிற்றூர்க் கடைகள் வரை போய்ச் சேருகின்றன. சட்டைக்கும் ஜீன்ஸுக்கும் கிராக்கி உண்டு; டைக்கு இல்லை. டை குளிர்நாட்டு அணிகலன். உடலைச் சுற்றிச் சூடான காற்று சட்டைக்குள் மேலெழுந்து கழுத்துப்பட்டி வழியாக வெளியேற வேண்டும். அந்தப் புகைபோக்கியை டை இறுக்கி அடைத்துவிடுகிறது. 2005 கோடையில் ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சு ‘கூல் பிஸ்’ இயக்கத்தைத் தொடங்கியபோது சொன்னதும் இதையேதான்: அலுவலகக் குளிர்சாதனத்தை 28 டிகிரியில் வையுங்கள், கோட்டையும் டையையும் கழற்றுங்கள். மலேசியாவிலோ அரசு ஊழியர்கள் வியாழக்கிழமை பாத்தேக் சட்டை அணிகிறார்கள். பாத்தேக்குக்கு டை கிடையாது. கட்டுகிற கழுத்துகள் குறைந்துகொண்டே வர, டைகள் மட்டும் கெடாமல் அலமாரிகளில் தொங்குகின்றன. உடுப்புகளிலேயே மிகக் குறைவாகத் தேய்வது டைதான். அதை யாரும் வாரந்தோறும் துவைப்பதில்லை. அதன் மேல் உட்காருவதில்லை. வியர்வையும் சட்டைக் காலருக்கு அப்பால்தான் நிற்கிறது. முடிச்சு விழும் இடத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் புதுத்துணிபோலவே இருக்கும்.

ஒரு டையைத் திருப்பிப் போட்டு அதன் முதுகைப் பாருங்கள். நீளவாக்கில் ஒரே ஒரு தையல் ஓடும். அகலமான முனைக்கு அருகில், உள்ளே, ஒரு சிறு நூல் வளையம் தளர்வாகத் தொங்கும். தைத்தவர் வெட்ட மறந்த பிசிறு என்று பலரும் அதைக் கத்தரித்துவிடுவார்கள். அது பிசிறன்று. டையின் முதுகுத்தையல் முழுவதும் ஒரே நூலில், வேண்டுமென்றே தளர்வாகப் போடப்பட்டது. முடிச்சுப் போடும்போது துணி இழுபட்டால் அந்த மிகை நூல் உள்ளே வழுக்கி இடம் கொடுக்கும், அவிழ்த்ததும் திரும்பி வரும். முனையிலிருக்கும் முடிச்சை வெட்டிவிட்டு அந்த நூலைப் பிடித்து இழுத்தால், நல்ல கைத்தையல் டை ஒரு நிமிடத்தில் வாழைப்பூ மடல்போல விரிந்துவிடும். உள்ளே கம்பளியாலோ பாலியஸ்டராலோ ஆன தடித்த கேன்வாஸ் பட்டை, இரு முனைகளிலும் வேறொரு துணியில் லைனிங், வெளியே பட்டு. துணிக்கழிவை அரைத்து மறுபடி நூலாக்கும் ஆலைகளுக்கு இப்படி மூன்று இழை கலந்த சிறு பொருளால் பயனில்லை, ஏனெனில் அவற்றின் இயந்திரங்களுக்கு ஒரே வகை இழை வேண்டும். கையோ ஒரு நூலை உருவி மூன்றையும் பிரித்து வைத்துவிடுகிறது. டையை மீட்க இன்றும் கைவேலையே வழி என்பதற்குப் பாசம் காரணமில்லை; பொருளின் கட்டமைப்பு அப்படி.

பிரித்து எடுத்த பட்டுத்துணியை மேசையில் விரித்ததும் முதல் சிக்கல் தலைகாட்டும். அதைப் புரிந்துகொள்ளத் தமிழ்ப் பெண்களுக்கு வேறு பாடம் வேண்டாம். கிராஸ் கட் ரவிக்கை தெரிந்தால் போதும். துணியைப் பாவு நூலுக்கு நேராக வெட்டாமல் மூலைவாட்டில் சாய்த்து வெட்டினால், அதே துணி உடம்போடு படிந்து கொடுக்கும். நூல் நீள்வதால் அப்படி ஆவதில்லை. பாவும் ஊடையும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கீல். நேராக இழுத்தால் நூலையே இழுக்கிறோம், அது விட்டுக்கொடுக்காது. மூலைவாட்டில் இழுத்தால் கீல்கள் திரும்பும்; சதுரக் கட்டங்கள் சாய்சதுரங்களாகும். கணக்குப் போட்டே பார்க்கலாம்: பக்கம் 10 செ.மீ. உள்ள சதுரத்தின் மூலைவிட்டம் 14.1 செ.மீ. இழுவிசைக்கும் நூலுக்கும் இடையிலான கோணம் 45 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு இறங்கினால் அந்த மூலைவிட்டம் 15.3 ஆகும், குறுக்கே உள்ளது 12.9 ஆகும். நூல் ஒரு மயிரிழைகூட நீளவில்லை. துணியோ 8 சதவீதம் நீண்டு, 9 சதவீதம் ஒடுங்கிவிட்டது. நியூயார்க் டை தயாரிப்பாளர் ஜெஸ்ஸி லேங்ஸ்டார்ஃப் 1920களில் இந்தக் குணத்தை முழுக்கப் பயன்படுத்தினார். துணியைச் சாய்வாக வெட்டி மூன்று துண்டாக இணைக்கும் அவருடைய முறைதான் இன்றைய டையின் அடிப்படை. அதற்கு முந்தைய டைகள் முறுக்கிக்கொள்ளும், சுருங்கிக்கொள்ளும். சாய்வு வெட்டில் தைத்த டை முடிச்சை அவிழ்த்ததும் நேராகத் தொங்கும். டையின் சாய்ந்த கோடுகளுக்கும் காரணம் இதுவே. தறியில் அவை நேர்கோடுகள், சாய்ந்திருப்பது வெட்டு. ஆகவே கோடு போட்ட டையில் இழைப்போக்கைத் தேட வேண்டியதில்லை, கோடே அதைக் காட்டிக்கொடுக்கும்.

முடிச்சுக்கு வரமான இந்தக் குணம் போர்வைக்குச் சாபமாகிவிடும். போர்வையில் ஒட்டு ஒவ்வொன்றும் பக்கத்து ஒட்டோடு ஓரம் சேர வேண்டும். சாய்வு வெட்டின் ஓரத்தைத் தையல் இயந்திரத்தின் பல் இழுத்துப் பிடிக்கும்போது அது நீளும். பக்கத்துத் துண்டு வேறு அளவில் நீளும். முடிவில் போர்வை தரையில் படியாமல் அலை அலையாக நிற்கும். டைப் போர்வை தைக்கத் தொடங்கிக் கைவிட்டவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள், பழியையோ பட்டின் வழுக்கல் மீது போடுகிறார்கள். இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, துணியை 45 டிகிரி திருப்பி நேர் இழையில் வெட்டுவது. டையின் அகன்ற முனை விரித்தால் ஏறக்குறைய 20 செ.மீ. இருக்கும்; அதில் வைர வடிவில் நிற்கும் சதுரத்தின் மூலைவிட்டம் அந்த 20; அப்படியானால் பக்கம் 14 செ.மீ. நான்கு ஓரமும் நேர் இழை, இழுத்தாலும் நீளாது. ஆனால் வைரங்களை வரிசையாக வெட்டினால் இருபுறமும் முக்கோணங்கள் மிஞ்சும், பட்டையில் சரிபாதி அவையே. அந்த முக்கோணங்களின் நீண்ட ஓரம் மட்டும்தான் சாய்வு. மற்ற இரண்டும் நேர் இழை. டையின் கூர்முனையும் அப்படித்தான்: அது ஒரு செங்கோணம், அதன் இரு ஓரங்களும் பாவோடும் ஊடையோடும் ஓடுகின்றன. டை முனைகளை விசிறிபோல் வட்டமாக அடுக்கித் தைக்கும் பழைய வடிவத்தில் வெளிவிளிம்பு நெளியாமல் நிற்பதன் இரகசியம் இதுதான். இரண்டாவது வழி இன்னும் எளிது, எனக்கு அதுவே உயர்ந்ததாகத் தோன்றுகிறது. சாய்வை மாற்ற முயலாமல், அடியில் ஒரு பருத்தித் துணியை நேர் இழையில் வைத்து, பட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்துத் தைப்பது. இழுவையைப் பருத்தி தாங்கும். பட்டு சும்மா அமர்ந்திருக்கும்.

அடித்துணி தாங்க மேல்துணி அழகு காட்டும் இந்த ஏற்பாடு எவரும் நேற்றுக் கண்டுபிடித்ததன்று. மெர்சிங் இருக்கும் இதே கிழக்குக் கரையில், வடக்கே திரெங்கானு வரை, மலாய்ப் பெண்கள் தையலில் மிஞ்சிய ‘காயின் பெர்ச்சா’ துண்டுகளைச் சேர்த்து ‘தாம்பால் செரிபு’ என்ற ஆயிரம் ஒட்டுத் துணிகளைத் தைத்தார்கள். திரைச்சீலையாகவும் தலையணை முகப்பாகவும் கல்யாண மேடை அலங்காரமாகவும் அவை பயன்பட்டன. தஞ்சாவூர்ப் பக்கத்துத் தேர்களில் தொங்கும் தொம்பைகளிலும் தடித்த அடித்துணியின் மேல் வெட்டுத்துணி உருவங்கள் அமர்த்தித் தைக்கப்படுகின்றன. வங்காளத்துக் காந்தா பழஞ்சேலைகளைப் பஞ்சே வைக்காமல் அடுக்கி, நூலோட்டுத் தையலால் இறுக்கியது. அதே வங்காளத்தில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் போர்த்துக்கீசியர்களுக்காகச் செய்யப்பட்ட ‘கோல்ச்சா’ என்னும் விரிப்புகள் பருத்தித் துணியில் காட்டுப்பட்டு நூலால் தைத்தவை. நானூறு ஆண்டு கடந்து அவை அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன. இந்தக் கடைசிச் சான்று எனக்கு முக்கியம். ஏனெனில் டைப் போர்வைக்கு எதிராகச் சொல்லப்படும் மிக வலுவான வாதம் பட்டு நிலைக்காது என்பதுதான்.

அந்த வாதத்துக்குச் சான்றும் இருக்கிறது, கண்ணால் பார்க்கக்கூடிய சான்று. 19ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பட்டு ஒட்டுப்போர்வைகள் பெரும் மோகமாக இருந்தன. அவற்றில் பல இன்று பாதுகாப்பாளர்களின் கையில் நொறுங்குகின்றன. நூல் நூலாகப் பிளந்து, தொட்டால் தூளாக உதிர்கின்றன. விந்தை என்னவென்றால், ஒரே போர்வையில், ஒரே வெளிச்சத்தில், ஒரே பெட்டியில் கிடந்த பக்கத்துப் பட்டுத் துண்டு பழுதில்லாமல் இருக்கிறது. பட்டு என்ற இழைதான் குற்றவாளி என்றால் இரண்டும் சேர்ந்தல்லவா அழிந்திருக்க வேண்டும்? விடை வணிகத்தில் இருக்கிறது. பட்டுப்புழு சுரக்கும் நூலில் ஃபைப்ரோயின் என்ற உள்ளிழை இரண்டை செரிசின் என்ற பசை ஒட்டி வைத்திருக்கும். சோப்பு நீரில் கொதிக்க வைத்துப் பசையைப் போக்கினால்தான் பட்டுக்கு மினுமினுப்பு வரும். ஆனால் எடையில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும். பட்டு எடைக்கு விற்ற காலத்தில் அந்த இழப்பை ஆலைக்காரர்கள் உலோக உப்புகளால் ஈடுகட்டினார்கள்: கறுப்புக்கு இரும்பும் டானினும், மற்ற நிறங்களுக்கு வெள்ளீய உப்பு. ஈடுகட்டியதோடு நிற்காமல், இழையின் எடைக்குச் சமமாகவும் அதற்கு மேலும் ஏற்றினார்கள். துணி கனமாகச் சரிந்து விழும், சலசலக்கும், வாங்குபவருக்குப் பிடிக்கும். ஆனால் அந்த உலோகம் வெளிச்சத்திலும் ஈரத்திலும் ஃபைப்ரோயின் சங்கிலிகளை அறுக்கும் வினைகளைத் தூண்டியபடியே இருந்தது. 1938இல் அமெரிக்க அரசின் வணிக ஆணையம், கனம் ஏற்றிய பட்டு என்றால் அதைச் சீட்டில் குறிக்க வேண்டும் என்று விதித்தது. அதன் பிறகு செயற்கை இழைகள் வந்து பட்டின் சந்தையே மாறியது. இன்று பண்டல் கடையில் கிடைக்கும் பட்டு டை அநேகமாக அதற்கு வெகு காலம் பிந்தியது. அதற்கு அந்தப் பழைய நோய் இருக்க வாய்ப்பு குறைவு. ஐயமிருந்தால் ஓரத்திலிருந்து ஒரு சிறு துணுக்கைக் கொளுத்திப் பாருங்கள்: நல்ல பட்டு நொறுங்கும் சாம்பலாகும், உலோகம் ஏற்றிய பட்டு எரிந்த பிறகும் நெசவின் வடிவம் குலையாமல் ஒரு சாம்பல் கூடாக நிற்கும்.

பட்டுக்கு உண்மையான எதிரி ஒன்று உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஃபைப்ரோயினின் வலிமை அதன் படிகப் பகுதிகளிலிருந்து வருகிறது. கிளைசின், அலனின், செரின் ஆகிய சிறிய அமினோ அமிலங்கள் அங்கே அட்டைகள்போல நெருங்கி அடுக்கியிருக்கும். அவற்றுக்கு இடையிலுள்ள ஒழுங்கற்ற பகுதிகளில் டைரோசினும் டிரிப்டோஃபானும் இருக்கின்றன. இவ்விரண்டும் புற ஊதா ஒளியை உறிஞ்சிச் சிதைகின்றன. பட்டு மஞ்சளாவதும் இற்றுப்போவதும் இதனால்தான். ஆகவே சன்னலோரத்தில் விரித்து வைக்கும் அலங்காரப் பொருளாக டைப் போர்வை தோற்றுப்போகும். இரவில் போர்த்திப் பகலில் மடித்து வைக்கும் பொருளாக நெடுநாள் உழைக்கும். பொருளின் இயல்பு பயன்பாட்டைத் தீர்மானிக்கட்டும்.

இனி, வெயில் ஊரில் போர்வை எதற்கு என்ற முதல் கேள்வி. போர்வை சூடு தருவதில்லை. நம் சூட்டைத் தடுத்து வைக்கிறது. தடுப்பது இழைகூட அன்று, இழைகளுக்கு நடுவே அசையாமல் சிறைப்பட்ட காற்று. பஞ்சு எவ்வளவு தடிப்போ அவ்வளவு காற்று. கடைகளில் விற்கும் தடித்த கம்ஃபர்ட்டரின் அமைப்பே உறைபனி நாடுகளுக்கானது. மெர்சிங் இரவு மழைக்காலத்திலும் 23, 24 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காது. அந்த ஊரில் கம்ஃபர்ட்டர் தேவைப்படுவது ஏர்கோனை 18 டிகிரியில் வைப்பவர்களுக்குத்தான்: மின்சாரம் செலவழித்துக் குளிரை வரவழைத்து, பிறகு பிளாஸ்டிக் பஞ்சால் அந்தக் குளிரைத் தடுக்கிறோம். 24, 25 டிகிரியில் உடம்புக்கு வேண்டியது ஒரு மெல்லிய மறைப்பு. அதைவிட முக்கியமாக, ஈரத்தைக் கையாளத் தெரிந்த மறைப்பு. நமக்கு வியர்க்கிறது என்று தெரியாதபோதும் தோல் இரவு முழுவதும் நீராவியை விட்டுக்கொண்டே இருக்கிறது. சாதாரண ஈரப்பதத்தில் 100 கிராம் உலர்ந்த பட்டு 11 கிராம் நீரைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். பருத்தி சுமார் 8 கிராம். பாலியஸ்டர் அரை கிராம்கூட இல்லை. பட்டு மேல்துணியும் பருத்தி அடித்துணியும் சேர்ந்து ஒரு கிலோ எடையுள்ள போர்வை, ஈரம் ஏறும்போது மேற்கொண்டு ஐம்பது கிராமுக்கு மேல் நீராவியை விழுங்கியும் தொட்டால் உலர்ந்தே இருக்கும். பாலியஸ்டர் பின்னலின் இடைவெளி வழியாகவும் நீராவி வெளியேறத்தான் செய்யும், அதை மறுக்கவில்லை. ஆனால் வெளியேற்றுவதைவிட வேகமாக வியர்த்தால் அதற்கு ஒதுங்க இடமில்லை, தோலோடு ஒட்டிப் பிசுபிசுக்கும்.

மழை இரவில் காற்றே 95 சதவீத ஈரப்பதத்தில் இருக்கும்போது பட்டு ஏற்கெனவே நிறைந்திருக்குமே, இன்னும் எதை விழுங்கும் என்று கேட்கலாம். கூர்மையான கேள்வி. காற்றின் ஈரப்பதம் என்பது அந்த வெப்பநிலையில் அது தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதே. 24 டிகிரியில் 95 சதவீதம் ஈரமான காற்று, போர்வைக்குள் புகுந்து தோலருகே 33 டிகிரிக்குச் சூடானால், அதே நீராவியோடு அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 56 சதவீதமாகிவிடும். அறை சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தாலும் போர்வையின் உள்முகம் ஓரளவு உலர்ந்த சூழலில்தான் இருக்கிறது. அங்கே பட்டுக்கு வேலை மிச்சமிருக்கிறது. வெளிமுகமோ நிறைந்தே இருக்கும். ஆகையால் பட்டு உடம்பின் பக்கம் இருக்க வேண்டும், அழகுக்காக மேல்பக்கம் மட்டும் வைத்துக் கீழே தடித்த பாலியஸ்டர் ஃபிளீஸ் கொடுத்தால் செய்த வேலையின் பாதிப் பயன் போய்விடும். இது தையற்காரர்கள் அதிகம் பேசாத விஷயம். எனக்கோ இந்தப் போர்வையின் உயிரே அதில்தான் இருக்கிறதென்று படுகிறது.

கடலோர ஊருக்கு இன்னொரு தனிச்சிக்கல் உண்டு: உப்பு. சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதைவிடப் பேராசைக்காரன், 33 சதவீதத்திலேயே தொடங்கிவிடும். படகுத்துறைப் பக்கத்து வீட்டில் கொடியில் கிடந்த துணியில் அலைத்தூவல் படிந்தால், பிறகு எத்தனை மணி நேரம் போட்டாலும் அது முழுக்கக் காயாது. காய விடாமல் உப்பு பிடித்து வைத்திருக்கும். வியர்வை உப்பும் அதே வேலையைச் செய்கிறது. போதாததற்கு, உப்பு பட்டிழையைப் பலவீனப்படுத்தவும் செய்யும். எனவே அலமாரியில் வைக்கும் முன் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துவது இங்கே கட்டாயம். பூஞ்சணத்துக்கும் வழி அதுவே. பூஞ்சணம் பட்டைவிட அழுக்கையும் கஞ்சியையும் விரும்புகிறது. பிளாஸ்டிக் உறையில் கட்டிவைத்தால் உள்ளே மாட்டிய ஈரம் அதற்குத் தொட்டில். பழைய வேட்டியில் சுற்றி வைப்பது மேல்.

‘உலர்சலவை மட்டும்’ என்று டையில் எழுதியிருக்கிறதே என்று தயங்குபவர்கள் உண்டு. முழு டைக்கு அது சரியான எச்சரிக்கை: நனைந்தால் பட்டும் கம்பளிக் கேன்வாஸும் வெவ்வேறு அளவில் சுருங்கி டை கோணிக்கொள்ளும். பிரித்த பட்டுக்கு அந்த ஆபத்து இல்லை. சாயம் போகிறதா என்று ஈரமான வெள்ளைத் துணியை ஒரு மூலையில் அழுத்திப் பார்த்துவிட்டு, குளிர்ந்த நீரில் கையால் அலசலாம். ஆனால் சலவைத்தூளைக் கவனிக்க வேண்டும். கறை போக்க இன்று பல தூள்களில் புரதத்தைச் செரிக்கும் நொதிகள் சேர்க்கிறார்கள், பட்டே புரதம். இரத்தக் கறையைத் தின்னும் நொதி பட்டையும் தின்னும். காரமில்லாத மென்மையான ஷாம்பு சில சொட்டு போதும். அலசிய பிறகு மிதமான சூட்டில், துணியைத் தேய்த்து இழுக்காமல், இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்து அழுத்த வேண்டும். இழுத்தால் சாய்வு நீளும் என்பது மேலே போட்ட கணக்கு.

கிடைக்கிற டைகளில் பாலியஸ்டரே அதிகம், பள்ளிக்கூட டைகள் பெரும்பாலும் அதுதான் என்பார்கள். உண்மைதான். அதனால்தான் பிரிக்கும் வேலை முதலில் வருகிறது. இரண்டு நூலை உருவி, தண்ணீர்த் தொட்டியருகே இடுக்கியால் பிடித்துக் கொளுத்தினால் மூக்கே சொல்லிவிடும்: பட்டு முடி கருகும் வாடையோடு எரிந்து, நெருப்பை எடுத்ததும் அடங்கி, விரலில் பொடியாகும், பாலியஸ்டர் சுருண்டு உருகிக் கடினமான மணியாக இறுகும். இரண்டையும் ஒரே போர்வையில் கலப்பது எனக்கு உடன்பாடில்லை. அவை வேறு வேறு அளவில் ஈரம் வாங்கும், வேறு வேறு சூட்டில் இஸ்திரி கேட்கும். பாலியஸ்டர் டைகளைப் பைகளுக்கும் நாற்காலித் திண்டுகளுக்கும் ஒதுக்கலாம். அங்கே அவற்றின் உறுதி பயன்படும்.

மிச்சமிருப்பது அளவு பற்றிய கேள்வி. ஒன்றரை மீட்டருக்கு இரண்டு மீட்டர் போர்வைக்கு 30,000 சதுர செ.மீ. துணி வேண்டும். விரித்த டையில் தையல் ஓரமும் கறையும் போக 1,000 சதுர செ.மீ. தேறினால் நல்லது, ஆக முப்பது டைகள். உலகத் துணிக்கழிவு மலைக்கு முன்னால் முப்பது டை ஒரு தூசு, இதற்கு இத்தனை உழைப்பா என்று கேட்டால், கழிவை எடைபோட்டுப் பார்ப்பது ஒரு கணக்கு, அதற்குள் ஏற்கெனவே செலவானதை எண்ணுவது இன்னொரு கணக்கு என்பேன். ஒரு பட்டு டைக்கு நூற்றுக்கு மேற்பட்ட கூடுகள் தேவை. முப்பது டையில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட புழுக்களின் உழைப்பும் உயிரும் இருக்கின்றன. ஒவ்வொரு கூட்டிலும் ஒரு கிலோமீட்டரை நெருங்கும் ஒற்றை இழை. முசுக்கொட்டைத் தோட்டமும் நீரும் சாயமும் தறியும் எல்லாம் எப்போதோ செலவாகிவிட்டன. அந்த இழை இன்னும் பல ஆண்டு உழைக்கும் நிலையில் இருக்கும்போது அதைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு, பெட்ரோலியத்தில் செய்த புதுப் போர்வையை வாங்குவது எந்தக் கணக்கிலும் சிக்கனமன்று.

முப்பது டையும் ஒரே வயதினவாக இருக்காது. ஒன்று பத்தாண்டு தாங்கும், ஒன்று மூன்றாம் ஆண்டே இழை விடும். பருத்தி அடித்துணிமீது தைத்த போர்வைக்கு இது பெரிய குறையன்று. இற்ற துண்டின் ஓரத்தையலை மட்டும் பிரித்து எடுத்துவிட்டு, அதே வடிவில் வெட்டிய வேறொரு பட்டை அந்த இடத்தில் அமர்த்தி, ஓரத்தை மடித்துக் கையால் தைத்தால் போதும். சுற்றியுள்ள ஒட்டுகள் அசையாது. அவற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது அடியிலுள்ள பருத்தி. வெட்டும்போது மிஞ்சிய முக்கோணங்களைத் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டுப் போர்வையோடு வைத்திருந்தால், மாற்றுத் துண்டுக்கு மறுபடி பண்டல் கடைக்குப் போக வேண்டியதில்லை.